மஞ்சள் நீர் ஆடிய சுவர்

மஞ்சள் நீருக்குத் தப்பி ஓடிய என் அன்பு அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டார். நிஜமாகவே தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். சமையலறையில் ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். விடிந்தால் மாமா வருவார்.

அவர் வருவதற்குள் உங்களுக்கு ஒரு சேதி சொல்லியாக வேண்டும். நம் முன்னறைச் சுவர் சிவந்துபோய்விட்டது, அப்பா. நீங்கள் கோபமாக இருப்பதால்தான் சிவந்தது என்று தெருவே பேசுகிறது. அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அது தெரியவருவதற்குள் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வால்பேப்பர் உங்களுக்கு மறந்திருக்காது. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜுக்குத் தண்ணீர் மோட்டார் வைண்டிங் செய்து கொடுத்தீர்களே, அங்கே அறைகளுக்கு ஒட்டியது போக மிஞ்சிய சுருள்களை மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கி, டவுன் பஸ்ஸில் துடியலூர் வரைக்கும் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். வெளிர் நீலத்தில் வெள்ளைக் கொடி. நம் பக்கத்தில் எந்த வேலியிலும் படராத கொடி அது. அம்மா மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து கொடுக்க, காரை பெயர்ந்த சுவர் முழுவதும் ஒட்டினீர்கள். ஒரு இடத்தில் இலையோடு இலை சேராமல் விலகி நின்றது. "செவுத்துக்குச் சேலை கட்டியுட்டா மடிப்பு கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும்" என்றீர்கள்.

அந்த வருடமே மாரியம்மன் நோம்பி வந்தது. மஞ்சள் நீர் அன்றைக்கு முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் துரத்துவதைப் பார்க்க நான் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் தங்கை, நம் சின்னம்மா, குடத்தோடு உங்களை விரட்டினார். நீங்கள் வீட்டுக்குள் ஓடி, குடம் சாயும் நேரம் பார்த்துக் குனிந்துவிட்டீர்கள். குடத்துத் தண்ணீர் மொத்தமும் புது வால்பேப்பரில் அடித்தது. சின்னம்மா வெறுங்குடத்தோடு அழப்போகிற முகமாக நின்றார். நீங்கள்தான் சிரித்தபடி, "உடு அம்மணி, செவுரும் உனக்கு மொறைதான்" என்றீர்கள்.

மறுநாள் அந்தக் கறையை மறைக்க ஒரு பெரிய காலண்டரை மாட்டினீர்கள். வருடம் மாறும்போதெல்லாம் காலண்டர் மாறியது. அதன் பின்னால் இருப்பதை நாங்கள் மறந்தே போனோம்.

நீங்கள் தவறிப் போன பிறகு எங்களுக்கு எல்லாம் மாமாதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரேஷன் கடையிலிருந்து கரண்ட் ஆபீஸ் வரைக்கும் அம்மாவுக்காக அண்ணன் என்ற முறையில் அவர்தான் அலைகிறார். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து எட்டிப் பார்க்கிறார். ஆனால் இந்த வாரம் நடுவிலேயே வந்தார். மொபெட்டை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, அன்னூர்ப் பக்கம் நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்.

பெண் என்றால் நான்தான், அப்பா. பிளஸ் ஒன் பாதியில் இருக்கிற நான்.

"அப்பனில்லாத புள்ள. காலாகாலத்துல ஒரு எடத்துல சேத்துப்போட்டா என்ற கடமை முடிஞ்சுது" என்றார் மாமா. படிப்பை அங்கே போயும் படிக்கலாம் என்றார். அப்படிப் போய்ப் படித்தவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அம்மா தரையைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுங்களா மாமா" என்றுதான் வந்தது.

அவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரைத்தானாம். அதைத் துடைத்து வைக்கச் சொன்னார். பெஞ்சுக்கு மேலே ஒரு வட்டம் கறுத்துக் கிடந்தது. "இதென்னுங் அம்மணி, இத்தன எண்ணப் பிசுக்கு? ஆரு தலையச் சாய்க்கறது?" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெஞ்சில் சாய்ந்து தூங்குவது அவர்தான். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துடைக்க ஆரம்பித்தேன். தண்ணீர் பட்டால் காகிதம் உப்பிவிடும் என்ற பயத்தில் முதலில் காய்ந்த பழந்துணியால் தூசியைத் தட்டினேன். ஸ்விட்சைச் சுற்றியிருந்த விரல் அழுக்கு என் பென்சில் ரப்பருக்கே வந்துவிட்டது. மாமாவின் எண்ணெய் வட்டத்துக்கு முகப்பவுடரைத் தூவி, நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட்டை மேலே வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் லேசாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். எண்ணெய் தாளுக்கு ஏறியது. தாளை மாற்றி மாற்றி வைக்க, வட்டம் வெளுத்துக்கொண்டே வந்தது. வேறு நாளாக இருந்தால் உங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு கறை போகும்போதும் ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது போல இருந்தது.

கடைசியில் காலண்டரைக் கழற்றினேன். நேற்று ஊற்றியது போல அப்படியே இருந்தது மஞ்சள்.

ரப்பருக்கும் பவுடருக்கும் அது அசையவில்லை. துணி சோப்பைச் சீவி, சலவைச் சோடா கொஞ்சம் போட்டு, வெந்நீரில் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து சுவரில் வைத்தேன். வைத்த இடம் சிவந்தது. என் கை வெட்டுப்பட்டதோ என்று விரல்களைப் பார்த்தேன். விரலில் ஒன்றுமில்லை. பயத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தேன், இன்னும் சிவந்தது. துணியிலிருந்து சொட்டிய இடமெல்லாம் கோடு கோடாகச் சிவந்து இறங்கியது. வெள்ளைக் கொடி இருந்த இடத்தில் ரத்தம் வழிந்தது போல ஒரு சுவர்.

அம்மா வந்து பார்த்தார். பக்கத்து வீட்டு சரசக்கா காப்பித்தூள் கேட்க வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இது அவுரு சொல்றதுங்கக்கா. புள்ளைய இப்பக் கட்டிக்குடுக்க வேண்டாம்னு சொல்றாரு" என்றார் மெதுவாக. அந்தச் சொல் தெருக்கோடி வரைக்கும் போய், மாமா காதுக்கும் போய்விட்டது. அன்று இரவே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவருக்கு முன்னால் கை கூப்பி நின்றார். மச்சான் மனசுக்கு ஆகாத காரியத்தைத் தான் செய்ய மாட்டேன் என்றார். நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், பெண்ணுக்குக் காய்ச்சல், இந்த ஞாயிறு வர வேண்டாம் என்று அன்னூருக்குச் சொல்லிவிட்டார். ஞாயிறு காலையில் பூசாரியிடம் போய் வாக்குக் கேட்டு, அதன்படி நடக்கலாம் என்று முடிவானது.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா அப்பா? உங்களுக்கு நன்றி சொன்னேன். நிஜமாகவே நீங்கள்தான் வந்து காப்பாற்றினீர்கள் என்று நினைத்து, ரசம் சோற்றை மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

படுத்த பிறகுதான் கேட்டது. அம்மா சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே வராமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுவது போல.

"ஏனுங்க, நான் என்ன செஞ்சுபோட்டேன்னு இத்தன கோவம்? எங்கிட்டச் சொன்னா ஆகாதுங்களா?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். மூடினாலும் கேட்டது.

இன்றைக்குக் காலையில் அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. தெருவில் ஒருவர் பின் ஒருவராக வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கு ஒரு கதை. நேற்று நீங்கள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்வதாகச் சொன்ன அதே சரசக்கா, இன்றைக்கு இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, குங்குமச் சிவப்பாக அல்லவா இருக்கிறது, சீக்கிரம் கட்டிக்கொடுக்கச் சொல்கிறாரோ என்னவோ என்றார். நேற்று எனக்காகப் பேசிய சுவர் இன்றைக்கு எனக்கு எதிராகப் பேசுகிறது. நாளைக்குப் பூசாரி வாயில் அது என்ன பேசும்? யார் வந்து நின்றாலும் அவர்களுக்கு வேண்டியதைச் சொல்கிற சுவரை நம்பி நான் எப்படி இருப்பது?

சாயங்காலம் விளக்கு வைத்ததும், வந்து போன கண்ணெல்லாம் கழியட்டும் என்று அம்மா ஆலம் சுற்ற உட்கார்ந்தார். சுற்றி முடித்து வாசலில் பிழிந்து போட ஒரு எலுமிச்சம்பழமும் பக்கத்தில் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளைத் தட்டில் தண்ணீர். அதில் மஞ்சள் தூளைக் கரைத்தார். பிறகு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டு விரலால் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் விரலைச் சுற்றிச் சுழன்று சிவந்தது.

தட்டைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். ஒரே சிவப்பு.

ஒன்பதாம் வகுப்பில் தாளில் மஞ்சளைத் தடவிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, சிவப்பாகிறது என்று எழுதி மார்க் வாங்கியவள் நான். பிறந்ததிலிருந்து எத்தனை ஆலம் பார்த்திருப்பேன்? எனக்கு எத்தனை முறை சுற்றியிருப்பார்கள்? இந்தத் தெருவில் ஆலம் கரைக்கத் தெரியாத பெண் ஒருத்தி இல்லை. இருந்தும் சுவரைப் பார்த்த ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. தட்டில் சிவந்தால் ஆலம், சுவரில் சிவந்தால் நீங்கள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம் வந்தது, அப்பா. உங்களிடம் மறைக்க மாட்டேன். பூசாரி என் பக்கமாகவே சொல்லிவிட்டால்? கொஞ்ச நேரம் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்றார். அவர் உதடு மறுபடியும் அசைந்தது. ஏனுங்க என்று ஆரம்பிக்கிறார் என்று தெரிந்தது.

"அம்மா, ஆலத்துல என்ன போட்டீங்க?"

"என்ன புதுசாக் கேக்கற? மஞ்சளும் சுண்ணாம்பும்."

"மஞ்சத் தண்ணி எதுனால செகப்பாச்சுங்க?"

"சுண்ணாம்பு பட்டா செகக்கும். இதுகூடத் தெரியாமயா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"செவுத்துல சின்னம்மா ஊத்துனது மஞ்சளுங்கம்மா. நான் வெச்சுத் தேச்சது சோப்பும் சோடாவும். சோப்பும் சுண்ணாம்பு மாதிரிதான். அப்பா கோவப்படலீங்க."

அம்மா நம்பவில்லை. நான் அவரைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். "எனக்கோசரம் எதாச்சும் சொல்லாத கண்ணு" என்றார். அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. வைண்டிங் முடிந்த மோட்டாரை நீங்கள் ஒருநாளும் வெறும் வாயால் சொல்லிக் கொடுத்தனுப்பியதில்லை. எத்தனை அவசரமாக வந்த ஆளானாலும் பக்கத்தில் நிறுத்தி, கனெக்சன் கொடுத்து, "ஓட்டிக் காட்டிப்போட்டுத்தான் குடுக்கோணும்" என்பீர்களே. பழத்தை எடுத்து அறுத்தேன். முதலில் தட்டில் பிழிந்தேன். சாறு விழுந்த இடத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டே போனது. பிறகு பஞ்சில் நனைத்து, சுவரில் கீழே வழிந்திருந்த ஒரு கோட்டின்மேல் வைத்தேன். சோடா பட்ட இடம் என்பதால் லேசாக நுரைத்தது. பஞ்சை எடுத்தபோது கோடு மஞ்சளாக இருந்தது.

அம்மா பஞ்சைக் கையில் வாங்கிக்கொண்டார். தேய்க்கவில்லை, நான் வைத்தது போலவே ஒற்றினார். ஒரு இலை மஞ்சளானது. இன்னொரு இலை. சின்னம்மா ஊற்றிய அன்றைக்கு இருந்த மஞ்சள் அம்மா கைக்கடியில் திரும்ப வந்துகொண்டிருந்தது.

"அப்ப அவுருக்கு என்ற மேல கோவம் இல்லீங்கறயா?"

"சோடாவுக்குத்தானுங்கம்மா கோவம்."

அம்மா சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் எலுமிச்சைச் சாறு பட்டு, கண் எரிகிறது என்று அதற்கும் சிரித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"இத நீ சொல்லாம உட்டிருந்தா, அந்த அன்னூர்ப் பேச்சு நின்னாலும் நின்னுருக்குமில்ல?"

"தெரியுங்க."

"அப்பறம் ஏஞ் சொன்ன?"

அம்மா சுவரோடு பேசியதைக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி அது, அப்பா.

"படிக்கோணுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆனால் தண்ணி வேணுங்களா என்று வரவில்லை.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, "செவுரு சொன்னா உங்க மாமன் செருப்பக் கழட்டி நின்னு கேக்கறாரு. நாம சொன்னா என்ன, கேக்கட்டுமே" என்றார்.

மீதியையும் துடைக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். முச்சூடும் துடைக்க வேண்டாம், பாதி அப்படியே இருக்கட்டும், மாமா வந்து கண்ணால் பார்க்கட்டும் என்றார். மீதி அரைமூடிப் பழத்தைத் தண்ணீர் தெளித்து டம்ளரால் மூடி வைத்திருக்கிறோம். அதனால் இந்த நேரத்தில் நம் சுவர் பாதி சிவப்பு, பாதி மஞ்சள். மேலே இணைப்பில் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. மைதா பசை காய்ச்சி ஒட்டிவிடலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். காலண்டருக்கு வெளியே தெறித்திருந்த துளிகள் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் வெயில் பட்டுப் பட்டுத் தானாகவே வெளுத்துவிட்டன. மறைக்க மாட்டிய காலண்டர்தான் உங்கள் மஞ்சளை இத்தனை நாள் வெயில் படாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. இனி இதுவும் போய்விடுமா என்று அம்மா கேட்டார். வெயில் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றேன். காலண்டரைத் திரும்ப மாட்டட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். "மெதுவாப் போகட்டும். போற வரைக்கும் பாத்துட்டிருக்கலாம்."

மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் சொல்லவில்லை, சோப்புதான் சொன்னது என்றால் உடனே அன்னூருக்கு மறுபடியும் போன் போட்டுவிடுவாரா? கை கூப்பி நின்றதை நினைத்து வெட்கப்பட்டுக் கோபப்படுவாரா? அவருக்கு வெட்கம் வராதபடி இதை எப்படிச் சொல்வது? நீங்கள் இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று இருந்த பயம் தனியாக இருந்தது. இன்றைக்கு அம்மாவும் கூட இருக்கிறார்.

பேனாவில் மை தீரப் போகிறது. முடிக்கிறேன்.

காலையில் மாமாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, பழத்தைப் பிழிந்து, மீதிப் பாதியை அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டுவேன். மஞ்சளானதும் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது தண்ணி வேணுங்களா மாமா என்று கேட்க மாட்டேன், அப்பா. படிக்கோணுங்க மாமா என்றுதான் சொல்வேன். அவர் கேட்கிற வரைக்கும் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

தண்ணீரை அதற்குப் பிறகு கொடுத்துக்கொள்கிறேன்.

சுவரையும் முறையாக்கிச் சிரித்த அப்பாவின்
ஒரே மகள்,
கோகிலா